வீட்டை நிரப்புறது கடையா, விசேஷமா? பழைய சாமானைக் கழிக்கறது பத்திப் பேசலாம் வாங்க

பெருந்துறை மருமகள் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கமுங்க. மாமனார் தவறி வருசம் திரும்பிருச்சு. அத்தையை இனிமே தோட்டத்துல தனியா விட வேண்டாம்னு பேசி முடிச்சு, தை பொறந்ததும் எங்ககூடக் கோயமுத்தூருக்குக் கூட்டிட்டு வர்றோம். நாங்க இருக்கறது சரவணம்பட்டியில ரெண்டு பெட்ரூம் வீடு. தோட்டத்து வீடுன்னா ஆசாரம்னு சொல்ற கூடம், ரெண்டு உள்ளறை, சமையக்கட்டு, அதுக்கு மேல நீளத்துக்கும் அட்டாலிங்கற பரண், வீட்டுக்குப் பின்னால பொடக்காலியில சாமான் போடற சாளை ஒண்ணு. வீட்டை வாடகைக்கு விடறதா இருக்கறதால எல்லாத்தையும் காலி பண்ணியே ஆகணும்.

அட்டாலியில ஏறிப் பாத்தனுங்க. பித்தளை அண்டா ஒண்ணுக்குள்ள ஒண்ணா அடுக்கி இருக்கு. தவலை, குடம், கொப்பரை. சாக்குல கட்டின எவர்சில்வர் போசிக, வட்டலுக. அதுக்கு அக்கட்ட அட்டைப் பொட்டி பிரிக்காத ஹாட்பாக்ஸ், பிளாஸ்க், டின்னர் செட், லெமன் செட், சுவர்க் கடிகாரம். பாதிக்கு மேல ஒரு தரம்கூட அடுப்பு மேல ஏறாதது. ஒரு தூக்குப்போசியை எடுத்து முந்தானையில தொடச்சேன். மூடி மேல புள்ளி புள்ளியாப் பேரு வெட்டியிருக்கு. பேருக்குக் கீழ "சீர்", அதுக்குக் கீழ 12.9.1986. உளி வழுக்கின எடத்துல "சீ"யோட சுழி பாதியிலயே நிக்குது.

அத்தை அந்தப் பேரைத் தடவிப் பாத்துட்டு அது யாரு, என்ன விசேஷம், அன்னைக்கு எந்தப் பந்தியில யாரு கோவிச்சுக்கிட்டுப் போனாங்கங்கற வரைக்கும் சொல்றாங்க. அதனால "தூக்கிப் போடுங்க"ன்னு மட்டும் யாரும் சொல்லீராதீங்க. எதை வெச்சுக்கறது, எதை விக்கறது, எதை யாருக்குக் குடுக்கறது, அத்தைகிட்ட எப்படிப் பேசறது? செஞ்சு பாத்தவங்க சொல்லுங்க.


நாமக்கல் தம்பி எழுதியது:

அக்கா, ஒரே விதிதான். ஒரு வருசமாத் தொடாத பொருள் இனிமேலும் தேவைப்படாது. கண்ணை மூடிட்டுக் கழிச்சு விடுங்க. நான் அப்படித்தான் ரூமைக் காலி பண்ணினேன், இப்ப நிம்மதியா இருக்கேன்.


காடுதோட்டம் எழுதியது:

தம்பி, ரூமுக்கு அது சரி. தோட்டத்துக்கு அந்த விதி ஆகாது சாமி. நம்ம பக்கம் கீழ்பவானி வாய்க்கால் பாசனம். 2 லட்சத்து 7 ஆயிரம் ஏக்கராவுக்கும் ஒட்டுக்காத் தண்ணி விட முடியாதுன்னு ஒத்தைப்படை மதகு, ரெட்டைப்படை மதகுன்னு முறை பிரிச்சிருக்காங்க. ஒரு வருசம் நம்ம மதகுக்கு நஞ்சைத் தண்ணி வந்தா மறுவருசம் புஞ்சைத் தண்ணிதான். நெல்லுக்குன்னு இருக்கற சாமான் ஒரு வருசம் சும்மாதான் கெடக்கும். அதை வேண்டாத பொருள்னு போட்டுட்டு அடுத்த முறைக்கு எங்க போறது?

இன்னொண்ணும் சொல்றேன். கெணத்து மோட்டாரு தண்ணி எடுக்காம நிக்கறது எப்பவும் ராத்திரியிலதான். அந்த நேரத்துல எந்தக் கடையும் தொறந்திருக்காது. சாளையில கெடக்கற பழைய ஃபுட் வால்வும், ரெண்டு முழம் பிவிசி பைப்பும், ஒரு எல்போவும் அன்னைக்குப் பயிரைக் காப்பாத்தும். எங்க அப்பாரு ஒரு ஆணியைக்கூட எறிய மாட்டாரு. வளைஞ்ச ஆணியைக் கல்லு மேல வெச்சு நிமித்தி டப்பாவுல போடுவாரு.

ஆனா அம்மணி, ஒண்ணை ஒத்துக்கறேன். ஓடற நெலமையில இருக்கற சாமானும், "ஒரு நாளைக்குச் சரி பண்ணிக்கலாம்"னு போட்டு வெச்ச சாமானும் வேற வேற. முன்னதை வெச்சுக்கலாம். பின்னது பத்து வருசம் ஆனாலும் யாரும் சரி பண்றதில்லை. எரிஞ்ச மோட்டாரு, ஒடைஞ்ச ஸ்பிரேயர், எலி கடிச்ச சொட்டுநீர்க் குழாய் இதெல்லாம் இரும்புக்கடைக்கும் பிளாஸ்டிக்காரனுக்கும் போகட்டும்.


கட்டிங் மாஸ்டர் எழுதியது:

நான் திருப்பூருங்க. பாத்திரத்தைப் பத்தி எல்லாரும் சொல்லுவாங்க, நான் துணியைப் பத்திச் சொல்றேன். நம்ம பக்கம் எந்த வீட்டு பீரோவைத் தொறந்தாலும் துணி மேல வந்து விழும். காதர்பேட்டையில எக்ஸ்போர்ட் மிஞ்சின டீ சர்ட்டு சல்லிசாக் கெடைக்குது. வேலை செய்யற கம்பெனியில செகண்ட்ஸ் கெடைக்குது. ஊருக்குப் போறப்ப சொந்தக்காரங்களுக்கு அதையே மூட்டை கட்டிக் கொண்டு போறோம். விலை கம்மிங்கறதால யாரும் யோசிக்கறதே இல்லை.

பழந்துணி எங்க போகும்னு தெரிஞ்சா பிரிக்கறது சுலபம். கம்பெனியில விழுகற கட்டிங் வேஸ்ட்டுக்கு மதிப்பு உண்டு. கலர் வாரியாப் பிரிச்சு, அரைச்சுப் பஞ்சாக்கி, ஓப்பன் எண்டு மில்லுல நூலாக்கறாங்க. அந்த நூல்லதான் மிதியடி, போர்வை, கையுறை எல்லாம் ஓடுது. கலர் வாரியா இருக்கறதால மறுபடியும் சாயம் போட வேண்டியதில்லை. ஆனா வீட்ல இருந்து வர்ற பழந்துணியில பாலியஸ்டர் கலந்திருக்கும், ஸ்பான்டெக்ஸ் இருக்கும், ஜிப்பும் பட்டனும் ரப்பர் பிரிண்டும் இருக்கும். அதையெல்லாம் பிரிச்சு எடுக்கற கூலியே கட்டாது. அதனால முழுக் காட்டன் பனியன், வேட்டி, பழைய சேலை இதையெல்லாம் தனியா எடுத்து வெய்யுங்க. லேத் பட்டறை, வண்டி ஒர்க்‌ஷாப்புல மெசின் தொடைக்க வாங்கிக்குவாங்க. தண்ணியை நல்லா உறிஞ்சற துணிதான் அவங்களுக்கு வேணும். பட்டனை மட்டும் வெட்டிட்டுக் குடுங்க.

மிச்சத்துல கிழியாதது, சாயம் போகாதது மட்டும் அடுத்தவங்களுக்கு. "ஆசிரமத்துக்குக் குடுத்துடலாம்"னு கிழிசலையும் கறை படிஞ்சதையும் கட்டிக் கொண்டு போய் எறக்கறது தருமம் இல்லைங்க. அதைப் பிரிச்சுக் குப்பையில போடற வேலையும் அந்தப் புள்ளைக தலையிலதான் விழுகுது. குடுக்கறதுக்கு முன்னாடி போன் பண்ணி என்ன வேணும்னு கேட்டுருங்க. பெரும்பாலும் புது உள்ளாடை, போர்வை, நோட்டுப் புத்தகம்னு சொல்லுவாங்க.

இதைச் சொல்லாம முடிக்க மனசு வரலை. ஒரு காட்டன் டீ சர்ட்டுக்குப் பருத்தி வெளையறதுல இருந்து எல்லாம் சேத்து ஏறத்தாழ 2,700 லிட்டர் தண்ணி ஆகும்னு கணக்குச் சொல்றாங்க. சாயம் கலந்த தண்ணி எங்க போச்சுங்கறதுக்குக் கணக்கே வேண்டாம், ஒரத்துப்பாளையத்தைப் போய்ப் பாத்தாப் போதும். 1992ல பாசனத்துக்குன்னு தொறந்த அணை அது. சாயத்தண்ணி தேங்கினதால அந்த ஆயக்கட்டு விவசாயிகளே கோர்ட்டுக்குப் போக வேண்டியதாச்சு. 2011 ஜனவரியில சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னப்ப எங்க தெருவுல பாதிப்பேருக்கு வேலை இல்லை. அதுக்கப்புறம்தான் சாயத்தண்ணியை ஒரு சொட்டும் வெளிய விடக்கூடாதுங்கற ஏற்பாடு கெட்டியாச்சு. இந்தத் தொழில்லதான் நான் சோறு திங்கறேன், தொழிலைக் கொறை சொல்லலை. போட்டுக் கிழிக்கற துணிக்கு அத்தனை தண்ணி செலவானா சரிங்க. மடிப்புக் கலையாம பீரோவுல கெடக்கற துணிக்கும் அத்தனை தண்ணி செலவாகறதுதான் நெஞ்சுல குத்துது.


பித்தளைத் தராசு எழுதியது:

அனுப்பர்பாளையத்துப் பாத்திரப் பட்டறைக் குடும்பம் எங்களது. அக்கா கேட்டதுல பித்தளை பாகத்துக்கு நான் பதில் சொல்றேன்.

முதல்ல வீட்லயே எடை போட்டுப் பாத்துக்குங்க. கொக்கித் தராசு ஒண்ணு இரவல் வாங்கினாப் போதும். அண்டா, கொப்பரையில இரும்பு வளையம் இருந்தா அதைக் கழட்டிட்டு எடை போடணும், இல்லைன்னா கடையில அவங்க கழிக்கறது தான் கணக்கு. அடுத்தது, பித்தளையும் செம்பும் வெண்கலமும் ஒரே வெலை இல்லை. பித்தளை செம்பும் துத்தநாகமும் சேந்தது, மஞ்சளா இருக்கும். செம்பு செவப்பு. வெண்கலம் செம்பும் வெள்ளீயமும் சேந்தது, கொஞ்சம் மங்கலாத் தெரியும், தட்டினா நாதம் நின்னு அடங்கும். வெண்கல உருளியைப் பித்தளையோட போட்டு ஒரே எடையா நிறுத்துக் குடுத்துட்டு வர்றவங்க நெறைய. மூணையும் தனித்தனிச் சாக்குல கட்டுங்க. புளி போட்டுத் தேச்சு மினுக்க வெச்சுக் கொண்டு போக வேண்டியதில்லை, உருக்கப் போற பாத்திரத்துக்கு மினுக்கம் எதுக்கு? ரெண்டு மூணு கடையில அன்னைக்கு வெலையைக் கேட்டுட்டு அப்புறம் வண்டி ஏத்துங்க.

எல்லாத்தையும் வித்தறவும் வேண்டாம். தெனமும் பொழங்கற அளவுல இருக்கற ஒரு தவலை, ஒரு பொங்கப் பானை, வெண்கலம் ஒண்ணு எடுத்து வெச்சு ஈயம், அதாவது வெள்ளீயம், பூசி வாங்குங்க. ஈயம் பூசாத பித்தளையில புளியோ மோரோ ஊத்தி வெச்சாக் களிம்பு ஏறும், அதுல சமைக்கக் கூடாது. பூசினா இன்னொரு தலைமுறை ஓடும். அடுப்புல ஏறப் போற பாத்திரத்தை வெச்சுக்குங்க. ஏறாததை வெச்சுக்கிட்டா அது எடைதான்.

பேரு வெட்டின பாத்திரத்துக்கு ஒரு வழி இருக்கு. பேரு தெளிவா இருக்கறதைப் போட்டோ எடுத்துருங்க. அத்தை சொல்றதையும் போன்லயே பேசிப் பதிவு பண்ணிக்குங்க. எங்க பட்டறைக்கு வர்றவங்ககிட்ட இதைத்தான் சொல்லுவோம். அப்படிப் பண்ணினவங்க பாத்திரத்தைக் குடுக்கறப்ப அழுகறதில்லை.


கோபி டீச்சர் எழுதியது:

இவ்வளவு நேரம் எல்லாரும் இருக்கறதை எப்படி வெளிய அனுப்பறதுன்னே பேசிட்டு இருக்கீங்க. உள்ள எப்படி வந்துச்சுன்னு யாரும் கேக்கலை.

பெருந்துறை அம்மணி எழுதின பட்டியலைத் திருப்பிப் படிச்சுப் பாருங்க. ஹாட்பாக்ஸ், லெமன் செட், கடிகாரம். இதுல எதையாவது அந்த வீட்ல யாராவது கடைக்குப் போய் வாங்கினாங்களா? ஒண்ணுகூட இருக்காது. நம்ம வீடுகளை நிரப்புறது கடை இல்லைங்க, விசேஷம். கல்யாணம், சீரு, வளைகாப்பு, காது குத்து, புதுமனை புகுவிழா. நாம ஒண்ணு வெக்கறோம், அவங்க திருப்பி ஒண்ணு வெக்கறாங்க. ரெண்டு வீட்லயும் அட்டாலி நெறையுது. மொய் நோட்டுல எழுதின பணம் திரும்பி வந்து ஒரு வேலைக்கு ஆகும். பொட்டி கட்டின பொருள் ஒரு வீட்டு அட்டாலியில இருந்து எறங்கி, காகிதம் மாத்திக்கிட்டு, இன்னொரு வீட்டு அட்டாலிக்குத்தான் போகுது. வெளிநாட்டுல எழுதற யோசனையெல்லாம் "கடையில நிதானமா வாங்கு"ன்னு சொல்லும். நம்ம ஊருக்கு அது பாதி மருந்துதான்.

இன்னொண்ணு பெண்களைப் பத்தினது. லாஸ் ஏஞ்சலஸ் நகரத்துல கணவன் மனைவி ரெண்டு பேரும் வேலைக்குப் போற குடும்பங்களை வெச்சு ஒரு ஆய்வு பண்ணி 2010ல வெளியிட்டாங்க. வீட்டைச் சுத்திக் காட்டறப்ப "அடைசலா இருக்கு, வேலை முடியவே இல்லை"ன்னு சொன்ன பெண்களுக்கு, மன அழுத்தத்தோட ஏறி எறங்கற கார்ட்டிசோல் சுரப்பு பகல் பூரா எறங்க வேண்டிய அளவுக்கு எறங்கலைன்னு கண்டாங்க. ஆண்களுக்கு அந்தத் தொடர்பு அப்படித் தெரியலை. இங்க யாரும் அளந்து பாக்கலைன்னாலும் ஏன்னு நமக்குத் தெரியும். நோம்பி வந்தா அட்டாலியில இருந்து எறக்கறது யாரு? புளி போட்டுத் தேய்க்கறது யாரு? தொடச்சு, வெயில்ல காய வெச்சு, மறுபடியும் அடுக்கறது யாரு? அந்த அண்டா எங்க அம்மா இடுப்பை வாங்கிருச்சு. குடும்ப கௌரவம்னு பேசறது ஆசாரத்துல ஒக்காந்திருக்கறவங்க, தேய்க்கறது பொடக்காலியில இருக்கறவங்க.

எங்க பங்காளி வீடுகள்ல ஒரு ஏற்பாடு பண்ணியிருக்கோம். பத்திரிகையில "பரிசுப் பொருள் தவிர்க்கவும்"னு போடறோம். தாய்மாமன் சீருன்னா பொண்ணையே கேட்டு அவளுக்குத் தேவையானது ஒண்ணே ஒண்ணு, இல்லாட்டிப் பணமா அவ பேருல போடறது. பெரியவங்க மொதல்ல ஒத்துக்கலை. மூத்த நங்கையா ஒருத்தர் தன் பேத்தி கல்யாணத்துல முன்னால நின்னு செஞ்சு காட்டினாங்க, அதுக்கப்புறம் மத்தவங்களால மறுக்க முடியலை. ஆரம்பிக்கறவங்க வசதியான வீட்டுக்காரங்களா இருக்கணும்ங்கறது ரொம்ப முக்கியம். இல்லாதவங்க ஆரம்பிச்சா "முடியாம விட்டுட்டாங்க"ன்னு பேசுவாங்க.


காடுதோட்டம் எழுதியது:

டீச்சரம்மா, நீங்க சொல்றதுல பாதிக்கு மறுப்பில்லை. தேய்க்கறவங்க கஷ்டம் உண்மை. ஆனா சீருங்கறது பாத்திரம் மட்டும் இல்லீங்க. பொறந்த வீட்ல சொத்துல பங்கு கெடைக்காத காலத்துல பொம்பளப்புள்ளைக்குன்னு வந்த பொருள் அது ஒண்ணுதான். ஒரு கஷ்டம்னா அண்டாவை அடகு வெச்சு விதை வாங்கியிருக்காங்க. பித்தளைக்கு எப்பவும் ஒரு வெலை இருந்துச்சு. அதை வெறும் அடைசல்னு சொல்லக் கேட்டா மனசு ஒப்பலை.


கோபி டீச்சர் எழுதியது:

ஐயா, அதையேதான் நானும் சொல்றேன். 1989ல தமிழ்நாட்டுல சட்டம் திருத்திப் பொண்ணுகளுக்கும் பூர்வீகச் சொத்துல பங்கு குடுத்தாங்க. 2005ல நாடு முழுக்க அந்தச் சட்டம் வந்துச்சு. பாத்திரம் பங்குக்குப் பதிலா நின்ன காலம் சட்டப்படி முடிஞ்சுது. இப்பவும் பாத்திரத்தையும் நகையையும் குடுத்துட்டு, "உனக்குத்தான் எல்லாம் செஞ்சாச்சே"ன்னு பங்கு வேண்டாம்னு எழுதற விடுதலைப் பத்திரத்துல கையெழுத்து வாங்கற வீடுகள் நம்ம பக்கம் எத்தனைன்னு உங்களுக்கும் தெரியும். அந்தப் பேச்சுக்குச் சாட்சியா அட்டாலியில ஒக்காந்திருக்கற அண்டாவை எப்படிங்க மதிப்பா நெனைக்கறது?


காடுதோட்டம் எழுதியது:

அதுக்கு என்கிட்ட பதில் இல்லீங்க அம்மா. என் தங்கச்சி வீட்டையும் நெனச்சுப் பாக்கறேன்.


மஞ்சமண்டி எழுதியது:

ஈரோட்டுல இருந்து. அத்தைகிட்ட எப்படிப் பேசறதுன்னு அக்கா கேட்டிருந்தாங்க. அதைத் தொட்டு ஒண்ணு.

2010, 2011 வாக்குல மஞ்சள் குவிண்டால் 15,000 ரூபாயைத் தாண்டிப் போச்சு. இன்னும் ஏறும்னு மூட்டையை எறக்காம வெச்சிருந்தவங்க எங்க மண்டியிலயே ஏராளம். 2012ல 5,000க்குக் கீழ வந்துருச்சு. வண்டு அடிச்சு, எடை கொறைஞ்சு, அப்பவும் குடோன் வாடகை கட்டிக்கிட்டு இருந்தாங்க. ஏன்னா மனசுல இருந்தது பழைய வெலை.

வீட்டுச் சாமானும் அப்படித்தான்னு நெனைக்கறேன். 1990ல கானமன், நெட்ஷ், தேலர்னு மூணு அறிஞர்கள் ஒரு சோதனை எழுதினாங்க. மாணவர்கள்ல பாதிப்பேருக்கு ஒரு காபிக் குவளையைக் குடுத்து, "என்ன வெலைக்கு விப்பீங்க"ன்னு கேட்டாங்க. மத்தவங்ககிட்ட "என்ன வெலைக்கு வாங்குவீங்க"ன்னு கேட்டாங்க. கையில வெச்சிருந்தவங்க சொன்ன வெலை வாங்கறவங்க சொன்னதைப் போல ரெண்டு மடங்குக்கும் மேல. கொஞ்ச நேரத்துக்கு முன்னாடி கைக்கு வந்த குவளைக்கே அப்படின்னா, அம்பது வருசமாக் கையில இருக்கற போசிக்கு எவ்வளவு இருக்கும்? அதனால அத்தைகிட்ட "இதைக் குடுத்தறலாமா"ன்னு ஒவ்வொண்ணாக் காட்டிக் கேக்காதீங்க. ஒவ்வொண்ணுக்கும் "வேண்டாம் கண்ணு, இருக்கட்டும்"னுதான் வரும். புது வீட்டுச் சமையக்கட்டுல இருக்கற அலமாரியைக் காட்டி, "இதுல எது எது வேணும்னு நீங்களே எடுத்து வெய்யுங்க"ன்னு சொல்லுங்க. எடுக்கறவங்க அவங்களா இருக்கட்டும். மிச்சம் தானா நிக்கும்.


பெருந்துறை மருமகள் எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. மஞ்சமண்டி அண்ணா சொன்ன மாதிரியே செஞ்சு பாத்தோம். புது வீட்டு அலமாரி அளவுக்குத் திண்ணையில சுண்ணாம்புக்கட்டியில கோடு போட்டு, "இதுக்குள்ள அடங்கற அளவுக்கு எடுங்க அத்தை"ன்னு சொன்னேன்.

அண்டாவுக்குச் சண்டை வரும்னு நெனச்சேன். அவங்க அண்டாவைத் திரும்பிக்கூடப் பாக்கலை. எடுத்தது வள்ளமும் படியும், தெனமும் மோரு கடைஞ்ச சின்ன மொடா, அவங்க அம்மா குடுத்த ஒரு செம்பு, பவானி ஜமக்காளம் ஒண்ணு. 1986 தூக்குப்போசியையும் எடுத்தாங்க, அதுல காப்பி ஊத்தி வெச்சுக்குவாங்களாம். பெரிய பாத்திரமெல்லாம் மாமனாரோட அம்மா காலத்துலயே வந்தது, "எனக்கு அதுல என்ன இருக்குது, தேச்சது மட்டும்தான்"னு சொன்னாங்க. டீச்சரம்மா எழுதினதை அவங்களுக்குப் படிச்சுக் காட்டினேன். ரொம்ப நேரம் பேசினாங்க. அதெல்லாம் இங்க எழுத வேண்டாம்னு கேட்டுக்கிட்டாங்க.

அண்டாவுல ரெண்டை எங்க கூட்டத்துக் குலதெய்வக் கோயிலுக்குக் குடுக்கலாமான்னு அத்தை கேக்கறாங்க. கெடா வெட்டுக்கும் பொங்கலுக்கும் வாடகைப் பாத்திரம்தான் எடுக்கறாங்களாம். இது சரிப்படுமா?


பித்தளைத் தராசு எழுதியது:

ரொம்ப நல்ல யோசனைங்க. ஆனா முதல்ல பூசாரிகிட்டயும் கோயில் கமிட்டியிலயும் கேட்டுருங்க. அண்டா வேணுமா, வெக்கற எடம் இருக்குதா, யாரு தேய்ப்பாங்கன்னு மூணையும் கேக்கணும். வேணும்னு சொன்னா ஈயம் பூசியே குடுத்துருங்க, அந்தச் செலவை அவங்க தலையில போட வேண்டாம். கோயில் ரசீதுல எழுதி வாங்கிக்குங்க.


கோவை அடுக்ககம் எழுதியது:

பாத்திரமும் துணியும் பேசியாச்சு. நான் குப்பையைப் பத்திச் சொல்றேன். கோவையில நாம வீசறது கடைசியில வெள்ளலூர் கெடங்குக்குத்தான் போகுது. வெயில் காலத்துல அங்க தீப்பிடிச்சாச் சுத்துவட்டாரம் பூரா புகை. அதனால காலி பண்றேன்னு எல்லாத்தையும் கருப்புக் கவர்ல கட்டித் தெருவுல வெச்சா, அடைசல் நம்ம வீட்ல இருந்து வெள்ளலூர்க்காரங்க வீட்டுக்குப் போகுது, அவ்வளவுதான்.

பழைய மிக்சி, டிவி, போன், சார்ஜர் தனி. 2023 ஏப்ரல்ல இருந்து நடைமுறையில இருக்கற மின்கழிவு விதிப்படி தயாரிப்பாளருக்கே மறுசுழற்சிப் பொறுப்பு இருக்கு, பதிவு பெற்ற மறுசுழற்சியாளர்கிட்ட குடுக்கறதுதான் முறை. போனைக் குடுக்கறதுக்கு முன்னாடி உள்ள இருக்கறதை அழிச்சிருங்க. யூபிஎஸ் பேட்டரியைப் புதுசு வாங்கற கடையிலயே திருப்பிக் குடுத்தா வெலையில கழிப்பாங்க. அதுல ஈயமும் அமிலமும் இருக்கறதால எடைக்காரர் கையில ஒடைக்கக் குடுக்காதீங்க. டியூப் லைட்டுல பாதரசம் இருக்கு, ஒடைக்காம அட்டையில சுத்தி, தூய்மைப் பணியாளர்கிட்ட சொல்லித் தனியாக் குடுங்க. பெரியவங்க இருந்த வீட்ல மாத்திரை டப்பா கட்டாயம் இருக்கும். தேதி முடிஞ்சதைக் கழிப்பறையில கொட்டாதீங்க, அதுவும் வீட்டு அபாயக் கழிவுல சேரும். புத்தகம் இருந்தா உக்கடம் பழைய புத்தகக் கடைகள்ல ஒரு நடை கேட்டுப் பாருங்க.

தகர டிரங்குப் பொட்டியில இருக்கற காகிதத்தை மட்டும் அவசரப்பட்டு எடைக்குப் போடாதீங்க. கிரயப் பத்திரம், பாகப்பிரிவினை, உயில், பழைய பட்டா, சொசைட்டிக் கடன் கட்டி முடிச்ச ரசீது, கெணத்துப் பங்கு எழுதின காகிதம், மின் இணைப்பு வாங்கின காகிதம் எல்லாம் ஒரு ஃபைல்ல வரணும். கெணத்துல எத்தனை பங்கு, முறை எத்தனை நாளுன்னு கையால எழுதின துண்டுச் சீட்டுகூடப் பின்னால பெரிய சண்டையைத் தீத்திருக்கு. படிக்கத் தெரிஞ்ச பெரியவர் ஒருத்தரை வெச்சு ஒரு நாள் ஒக்காந்து பாருங்க. போட்டோக்களை ஸ்கேன் பண்ணிப் பங்காளிக எல்லாருக்கும் அனுப்பிருங்க.


நாமக்கல் தம்பி எழுதியது:

என் ரூமுக்குச் சொன்னதை உங்க வீட்டுக்கும் சொல்லிட்டனுங்க அக்கா. டீச்சர் சொன்னதைப் படிச்சதும் அம்மாவுக்குப் போன் பண்ணினேன். பொங்கலுக்கு முன்னாடி வந்து அட்டாலியை எறக்கித் தர்றேன், நீங்க ஏற வேண்டாம்னு சொல்லியிருக்கேன்.


கோபி டீச்சர் எழுதியது:

நல்லது தம்பி. எறக்கறதோட விடாம, தேய்ச்சும் குடு.

பெருந்துறை அம்மணிக்கு ஒரு யோசனை. காப்புக்கட்டுக்கு முன்னாடி எல்லாம் முடிச்சுருங்க. மார்கழிக் கடைசியில எப்படியும் வீட்டைக் கூட்டி, வெள்ளையடிச்சு, வேப்பிலையும் ஆவாரம்பூவும் பூளைப்பூவும் வெச்சுக் காப்புக் கட்டுவோம். அந்த வேலையோட சேத்துச் செஞ்சா அத்தைக்கும் ஏதோ வீட்டைக் கலைக்கற மாதிரித் தெரியாது. தீ மட்டும் வெக்காதீங்க. போகிக்குன்னு கொளுத்தற பழக்கம் நம்ம பக்கம் அவ்வளவா இல்லாம இருந்துச்சு, இப்ப டிவி பாத்துட்டுப் பாயும் டயரும் கொளுத்தறாங்க.


பெருந்துறை மருமகள் எழுதியது:

அப்படியே செய்யறோம் டீச்சர். கோயில்ல கேட்டாச்சு, அண்டா ரெண்டும் வேணும்னு சொல்லிட்டாங்க. பிரிக்காத ஹாட்பாக்ஸ், டின்னர் செட்டெல்லாம் தோட்டத்துல வேலை செய்யற குடும்பங்கள்ல எது வேணும்னு கேட்டு அவங்களே எடுத்துக்கிட்டாங்க. தை மாசம் எங்க மச்சாண்டார் (வீட்டுக்காரரோட அண்ணன்) மகன் கல்யாணம். அதுக்குப் பத்திரிகையில அந்த ஒரு வரியைப் போடணும்னு வீட்டுக்காரர் பேசியிருக்காரு. மச்சாண்டார் இன்னும் சரின்னு சொல்லலை. அத்தை சொன்னாக் கேப்பாருன்னு நெனைக்கறோம், அத்தை பேசறேன்னு சொல்லியிருக்காங்க.

இனி பொடக்காலிச் சாளைதான் பாக்கி. காடுதோட்டம் ஐயா, அதுல பழைய வால்வு, பைப், மோட்டாரு, இன்னும் பேரே தெரியாத இரும்புச் சாமான் நெறையக் கெடக்கு. தோட்டத்தைக் குத்தகைக்கு எடுக்கறவங்களுக்கு எது ஆகும், எது இரும்புக்குப் போகணும்னு எங்க ரெண்டு பேருக்கும் தெரியலைங்க.


காடுதோட்டம் எழுதியது:

போட்டோ புடிச்சு அனுப்பாதீங்க அம்மணி, அதுல தெரியாது. வால்வுன்னா கையில எடுத்து ஆட்டிப் பாக்கணும். உள்ள இருக்கற வாசர் காஞ்சு போயிருந்தாலும் மாத்திக்கலாம், பித்தளை வால்வா இருந்தா இன்னும் நல்லது. நம்ம தோட்டத்துல இருந்து பெருந்துறை பக்கந்தான். கத்திரிக்காய் ஏத்திட்டு வர்ற அன்னைக்கு வண்டியை அப்படியே உங்க தோட்டத்துக்குத் திருப்பறேன். குத்தகைக்கு எடுக்கறவரையும் அன்னைக்கே வரச் சொல்லுங்க, அவருக்கு என்ன பைப்லைன் போட்டிருக்கு, எத்தனை இஞ்சுன்னு தெரிஞ்சாத்தான் பிரிக்க முடியும். அதுவரைக்கும் இரும்புக்கடைக்காரர் வந்தா எரிஞ்ச மோட்டாரை மட்டும் காட்டுங்க. அதுலயும் உள்ள இருக்கற செம்புக் கம்பிக்குத் தனி வெலை கேளுங்க, இரும்போட சேத்து எடை போட விட்டுறாதீங்க.